எல்லைக்கோட்டின் நீதி

தேர்தல் தொகுதி எல்லை நிர்ணயம் என்றவுடனே, அது நில அளவையாளரும் புள்ளிவிபரத் திணைக்களத்தாரும் கவனிக்கவேண்டிய காரியம் என ஒதுங்கிக்கொள்ளும் மனோபாவம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கின்றது. தேர்தல் வந்தால் வேட்பாளரின் குணதோஷங்களைப் பேசுகின்றோம். கட்சிகளின் விஞ்ஞாபனங்களை விமர்சிக்கின்றோம். வாக்கெண்ணும் இரவில் கண்விழித்திருக்கின்றோம். ஆனால், வாக்குச்சீட்டு அச்சேறுவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னரே, தேசப்படத்தின் மீது கிழிக்கப்பட்ட சில கோடுகள் அவ்வாக்கின் பெறுமதியைப் பெருமளவுக்குத் தீர்மானித்துவிடுகின்றன என்பதைச் சிந்திப்போர் நம்மிற் சிலரே.

ஆட்சியாளர் இவ்வலட்சியத்தை நன்கு அறிந்தவர்கள். எல்லை நிர்ணய அறிக்கை ஒன்று வெளிவரும்போது, அது எவருடைய நலனையும் சாராத, வெறும் கணக்கு விவகாரம் என்ற தோற்றத்துடனேயே வெளிவருகின்றது. அட்டவணைகளும் படங்களும் நிறைந்த அவ்வறிக்கையைப் புரட்டும் சாதாரண வாசகன் அதனைப் புரிந்துகொள்ள இயலாது மூடிவைத்துவிடுகின்றான். இலக்கியப் படைப்பொன்றை விமர்சிக்கும்போது அதன் உருவத்தை மட்டும் பார்க்காது, அஃது எந்தச் சமுதாய உண்மையைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்று கேட்கின்றோம் அல்லவா? தொகுதி வரைபடத்தையும் அவ்வாறே வாசிக்கவேண்டும் என்பதே நமது கருத்து. அவ்வாறு வாசிப்பதற்குரிய அளவுகோல்கள் யாவை, அவற்றுள் எவை நம்பத்தக்கன, எவை நம்மை ஏமாற்றுவன என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலிலே கரும்பலகையில் எழுதிக்காட்டக்கூடிய ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரில் 25 வாக்காளர் இருக்கின்றனர். அவர்களுள் 10 பேர் செங்கொடிக் கட்சிக்கும் 15 பேர் வெண்கொடிக் கட்சிக்கும் வாக்களிப்பவர். ஊரை ஐவர் கொண்ட ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கவேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் செங்கொடியார் இவ்விருவராக அமையும்படி கோடு கிழித்தால் ஐந்து ஆசனங்களும் வெண்கொடிக்கே போய்ச்சேரும். செங்கொடியார் ஐவரை ஒரு தொகுதியிலும் மற்றை ஐவரை இன்னொரு தொகுதியிலும் அடைத்தால் அக்கட்சிக்கு இரண்டு ஆசனம் கிடைக்கும். மூன்று தொகுதிகளில் மும்மூவரையும் நான்காவதில் ஒருவரையும் வைத்தாலோ, சிறுபான்மையினரான செங்கொடியார் மூன்று ஆசனங்களைப் பெற்று ஆட்சியமைத்துவிடுவர். வாக்காளர் மாறவில்லை, அவர்தம் கருத்தும் மாறவில்லை, ஒருவரும் கள்ள வாக்குப் போடவில்லை. ஆயினும் ஆசனம் பூச்சியம், இரண்டு, மூன்று என மாறிவிட்டது. எதிராளியின் வாக்குகளைப் பல தொகுதிகளிற் சிதறடித்துப் பயனற்றவையாக்குதல், அல்லது ஒரே தொகுதியில் திணித்து வீணாக்குதல்: இவ்விரண்டுமே கோடு கிழிப்பவன் கையிலுள்ள பிரதான உபாயங்கள். உலகிலுள்ள எல்லைச் சூழ்ச்சிகள் பெரும்பாலும் இவ்விரண்டின் கலவையே.

இதற்கு எதிராக மக்கள் இயக்கம் முதன்முதலில் முன்வைத்த அளவுகோல் எண்ணிக்கைச் சமத்துவமாகும். 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன்னர், குடியிருப்பாரே அற்றுப்போன ஓல்ட் சாரம் என்னும் மேடு இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு இரண்டு அங்கத்தவரை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த மான்செஸ்டர் நகருக்கோ தனக்கென ஓர் அங்கத்தவர்தானும் இல்லை. 1838இல் சாசன இயக்கத்துத் தொழிலாளர் வெளியிட்ட ஆறு கோரிக்கைகளுள் சமமான தேர்தல் தொகுதிகள் என்பதும் ஒன்றாக இருந்தமை தற்செயலானதன்று. வாக்குரிமை கிடைப்பது மட்டும் போதாது, கிடைத்த வாக்குக்குச் சமமான எடையும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஐக்கிய அமெரிக்காவிலே இக்கோட்பாடு நீதிமன்றத்தின் ஆதரவைப் பெற 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1962இல் தொகுதிப் பிரிவினை நீதிமன்ற விசாரணைக்குரியதே எனவும், 1964இல் மாநிலச் சட்டசபைத் தொகுதிகள் சனத்தொகையிற் சமமாக இருக்கவேண்டுமெனவும் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது.

எண்ணிக்கைச் சமத்துவம் இன்றியமையாதது என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் எண்ணுவது யாரை என்ற கேள்வியை அது தானாக எழுப்புவதில்லை. இதனை உணர்த்துவதற்கு நம் நாட்டின் வரலாற்றைப்போல வேறொரு சான்று கிடைப்பதரிது.

1946ஆம் ஆண்டுச் சோல்பரி அரசியலமைப்பின்கீழ், ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஓர் ஆசனமும், அதன்மேல் ஆயிரம் சதுரமைலுக்கு ஓர் ஆசனமும் எனக் கணக்கிடப்பட்டது. பரப்பளவுக்கென 25 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் வடக்குக்கும் கிழக்குக்கும் நந்நான்கு கிடைத்தன. வட மத்திய மாகாணத்துக்கும் நான்கு கிடைத்தது. மொத்தம் 89 தொகுதிகள், 95 தெரிவுசெய்யப்பட்ட அங்கத்தவர். இங்கே 75,000 பேர் என்றது வாக்காளரையன்று, வாழும் மனிதரையே. ஆதலால் மலைநாட்டிலே கொழுந்து பறித்தவரும் கவ்வாத்து வெட்டியவரும் அவர்தம் குழந்தைகளும் கணக்கிலே சேர்ந்தனர். மத்திய, ஊவா, சப்பிரகமுவ மாகாணங்களின் ஆசனத்தொகை அவர்களது தலைகளையும் கொண்டே நிர்ணயமாயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆறு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்கும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு துணைநின்றது.

அதன் பின்னர் நிகழ்ந்தது யாவருமறிந்ததே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டு 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும், 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 780,000 பேராயிருந்த அம்மக்களிற் பெரும்பாலாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமும் இல்லை. இவ்வநீதியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். ஆனால் அதன் மறுபாதியைப் பற்றிப் பேசியவர் குறைவு. வாக்காளர் நீங்கினர், அவர்களது தலைகளுக்காக ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் நீங்கவில்லை! அத்தொகுதிகள் இருந்தபடியே இருந்தன. எஞ்சியிருந்த சிறுதொகை வாக்காளர், வாக்கிழந்த தம் அயலவருடைய எடையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வாக்களித்தனர். எண்ணும்போது மனிதர், வாக்களிக்கும்போது அந்நியர் என்ற இந்த இரட்டைக் கணக்கு, எந்தக் கோட்டையும் புதிதாகக் கிழிக்காமலே நாட்டின் அரசியல் வரைபடத்தை மாற்றிவிட்டது. 1959இல் மீண்டும் எல்லை நிர்ணயம் செய்யப்பட்டு 145 தொகுதிகளும் 151 ஆசனங்களும் உருவானபோதும், கணக்கின் அடிப்படை வாழும் மனிதரே. நாடற்றவராக்கப்பட்டோர் மீண்டும் ஒருமுறை பிறருக்காக எண்ணப்பட்டனர்.

இதிலிருந்து சிலர், வாக்காளரை மட்டும் எண்ணினால் நீதி கிடைத்துவிடும் என முடிவுகட்டலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அவ்வழியையே மேற்கொண்டது. அதன்படி, தேர்தல் மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களுள் 36 மாகாணத்துக்கு நான்கு வீதம் ஒதுக்கப்படுகின்றன. எஞ்சிய 160 ஆசனங்களும் பதிவுபெற்ற வாக்காளர் தொகைக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. அதன் விளைவைக் காண யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தை நோக்கினாற் போதும். 2010இல் ஒன்பதாயிருந்த அதன் ஆசனங்கள் 2015இல் ஏழாகவும், 2024இல் ஆறாகவும் குறைந்தன. கணக்கைப் பொறுத்தவரையில் பிழை காண்பதற்கில்லை. இடாப்பிலே இல்லாதவருக்கு ஆசனம் கேட்க முடியாது. ஆனால் அவர்கள் ஏன் இடாப்பிலே இல்லை? போர் துரத்தியதால் கடல் கடந்தவர் எத்தனை பேர், வன்னிக்கும் கொழும்புக்கும் இடம்பெயர்ந்து அங்கேயே தங்கிவிட்டவர் எத்தனை பேர், மாண்டுபோனவர் எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு அச்சூத்திரத்தில் இடமில்லை. மேலும், வாக்காளரை மட்டும் எண்ணும் முறையிலே குழந்தைகளுக்குக் கணக்கில்லை. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் வேண்டிநிற்கும் சிறுவர் நிறைந்த வறிய பிரதேசம், முதியோர் நிறைந்த வசதியான பிரதேசத்தைவிடக் குறைந்த எடையையே பெறுகின்றது. எனவே, தலையை எண்ணுவதா, வாக்கை எண்ணுவதா என்பது பொதுவாகத் தீர்க்கத்தக்க வினாவன்று. வாழ்பவர் யாவருக்கும் வாக்குரிமை உள்ள நாட்டிலேதான் தலைக்கணக்கு நேர்மையானது. அவ்வுரிமையைப் பறித்துவிட்டுத் தலையை எண்ணுவது திருட்டு.

இரண்டாவது அளவுகோல் வடிவம் பற்றியது. 1812இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்பமிட்ட சட்டத்தினால் உருவான தொகுதியொன்று வளைந்து நெளிந்து கிடந்தது. பத்திரிகைச் சித்திரக்காரர் அதற்குச் சிறகும் நகமும் சேர்த்து, பல்லியை ஒத்த சலமாந்தர் என்னும் பிராணியாக்கி, ஆளுநரின் பெயரையும் பிராணியின் பெயரையும் ஒட்டி 'ஜெரிமாந்தர்' என்றொரு புதுச்சொல்லை ஆக்கினர். அவ்வாண்டுத் தேர்தலில், அம்மாநில மேற்சபையின் 40 ஆசனங்களுள் 29ஐ ஆளுநரின் கட்சி கைப்பற்றியது. வாக்குகளிற் கூடியவற்றைப் பெற்றதோ எதிர்க்கட்சி. அன்று தொட்டு, கோணலான தொகுதி அநீதியானது, சீரான தொகுதி நீதியானது என்ற எண்ணம் பரவிவிட்டது. தொகுதியின் சுற்றளவையும் பரப்பளவையும் ஒப்பிட்டு மதிப்பெண் வழங்கும் கணித முறைகள்கூட இன்று வந்துவிட்டன.

கண்ணுக்கு அழகானது நெஞ்சுக்கு நேர்மையானதாக இருக்கவேண்டிய நியதி இல்லை. வட அயர்லாந்தின் டெரி நகரம் இதற்குச் சான்று. அந்நகரத்தில் கத்தோலிக்கர் பெரும்பான்மையினர். 1936இல் வகுக்கப்பட்ட வட்டார ஒழுங்கின்படி நகரம் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. விசித்திரப் பிராணி எதுவும் அப்படத்திலே இல்லை. கத்தோலிக்கரிற் பெரும்பாலார் தெற்கு வட்டாரத்துள் அடைக்கப்பட்டு அதற்கு எட்டு ஆசனம் வழங்கப்பட்டது. மற்றை இரண்டு வட்டாரங்களும் சேர்ந்து பன்னிரண்டு ஆசனம் பெற்றன. அவ்வளவே. சிறுபான்மையினரான யூனியனிஸ்ட் கட்சியினர் பன்னிரண்டுக்கு எட்டு என்ற கணக்கில் ஆண்டாண்டு காலம் மாநகர சபையை ஆண்டனர். இதனைவிடக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. உள்ளூராட்சி வாக்கு வீட்டுரிமையோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஏனைய வட்டாரங்களில் வீடு கட்டிக்கொடுக்கச் சபை முன்வரவில்லை. கொடுத்தால் கோட்டின் கணக்குக் குலைந்துவிடும்! ஆகவே எல்லைக்கோடு ஆசனத்தை மட்டுமன்றி, ஏழைக்குக் கூரை கிடைப்பதையும் தீர்மானித்தது. 1968இல் அந்நகர வீதிகளிலே வெடித்த குடியுரிமைப் போராட்டத்தின் வேர்களுள் இதுவும் ஒன்று. வடிவத்தை மட்டும் பார்க்கும் விமர்சகன், யாப்புப் பிழையில்லை என்பதற்காகப் பொய்யான கவிதையைப் புகழ்பவனை ஒத்தவன்.

மூன்றாவது அளவுகோல், பெற்ற வாக்குக்கும் கிடைத்த ஆசனத்துக்குமுள்ள விகிதம். இதுவே சாதாரண மக்களின் நியாய உணர்வுக்கு மிக அண்மையானது. நமது நாட்டிலே 1970இல் ஐக்கிய முன்னணியின் மூன்று கட்சிகளும் சேர்ந்து ஏறத்தாழ 48.9 வீத வாக்குகளைப் பெற்று, 151 ஆசனங்களுள் 116ஐ வென்றன. 37.9 வீதம் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 ஆசனங்களே கிடைத்தன. 1977இல் சக்கரம் திரும்பிற்று. ஐக்கிய தேசியக் கட்சி 50.9 வீத வாக்குடன் 168 ஆசனங்களுள் 140ஐப் பெற்றது, 29.7 வீதம் பெற்ற சிறீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டு. 7 வீதத்துக்கும் குறைந்த வாக்கைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு. சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஓர் ஆசனமும் இல்லை. 1970இல் கிடைத்த மிகைப் பெரும்பான்மை 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கிற்று. 1977இல் கிடைத்த மிகைப் பெரும்பான்மை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கிற்று. நாட்டு மக்களிற் பாதிப்பேரின் சம்மதத்தை முழு நாட்டின் சம்மதமாகக் காட்டிய மாயக்கண்ணாடி ஒன்றே. அதனை ஏந்திய கைகளே வேறு. வெற்றிபெற்ற நாளில் அக்கண்ணாடியைச் சோதித்துப்பார்க்க இடதுசாரித் தலைமை முற்படாததன் விலையை, ஏழாண்டுகளின் பின் இடதுசாரி இயக்கமே செலுத்தியது.

எனினும், இவ்விகிதக் கணக்கையும் அவதானத்தோடேயே கையாளவேண்டும். மேற்கூறிய மிகைப்பெரும்பான்மைகள் எல்லைச் சூழ்ச்சியினால் மட்டும் விளைந்தனவல்ல. தொகுதிக்கு ஒருவர், கூடிய வாக்குப் பெற்றவரே வென்றவர் என்ற முறையிலே, நாடெங்கும் ஏறத்தாழ ஒரே சீராகப் பரவியிருக்கும் கட்சி சிறிய மாற்றத்தினால் பெருவெற்றியையோ பெருந்தோல்வியையோ அடைவது இயல்பு; ஒரு பிரதேசத்திலே செறிந்திருக்கும் கட்சி தன் வாக்குக்கு ஏற்ற ஆசனத்தைப் பெறுவதும் இயல்பு. ஆகவே, விகிதம் பிழைத்திருக்கின்றது என்பதைக்கொண்டு மட்டும் கோடு கிழித்தவன் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கலாகாது. முறையின் குற்றம் எது, கோட்டின் குற்றம் எது எனப் பிரித்தறிய வேண்டும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்கு அண்மைக் காலத்தில் அமெரிக்க அறிஞர் கையாளும் முறை நமது கவனத்துக்குரியது. சட்டம் விதிக்கும் நிபந்தனைகளை மட்டும் கணனிக்குக் கொடுத்து, கட்சிச் சார்பற்ற ஆயிரக்கணக்கான வரைபடங்களை அது தானே வரையுமாறு செய்கின்றனர். பழைய தேர்தல் ஒன்றின் வாக்குகளை ஒவ்வொரு படத்திலும் இட்டுப் பார்த்து, ஆட்சியாளர் முன்வைத்த படம் அக்கூட்டத்திலே எங்கு நிற்கின்றது என நோக்குகின்றனர். வட கரோலைனா மாநிலத்தின் 2016ஆம் ஆண்டுப் படம் இவ்வாறு சோதிக்கப்பட்டது. அங்கு அவ்வாண்டு 53 வீத வாக்குப் பெற்ற குடியரசுக் கட்சி, 13 ஆசனங்களுள் பத்தை வென்றது. ஆயிரக்கணக்கான நடுநிலைப் படங்களுள் அத்தகைய விளைவைத் தந்தவை காண்பதற்கரியனவாயிருந்தன. பதினொன்றுக்கு இரண்டு என வரைய இயலாமையினாலேயே பத்துக்கு மூன்று என வரையச் சொன்னதாக, அச்சட்டசபையின் முக்கியஸ்தர் ஒருவர் வெளிப்படையாகவே கூறியிருந்தார். இவ்வளவு சான்றிருந்தும், 2019இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், கட்சி நலனுக்காகச் செய்யப்படும் எல்லைச் சூழ்ச்சி கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கத்தக்க விவகாரமன்று என ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் விலகிக்கொண்டது. குற்றத்தை அளக்கும் கருவி கைக்கு வந்த வேளையில் நீதிபதி ஆசனத்தை விட்டெழுந்தமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்றாகும்.

இம்முறை நமது நாட்டுக்கும் பயன்படும் என்பதில் ஐயமில்லை. நமது பல்கலைக்கழகங்களின் கணித மாணவருக்கு இது எட்டாக்கனியுமன்று. ஆயினும் கணனி, தனக்குக் கொடுக்கப்பட்ட சனத்தொகையை இயற்கையின் நியதியாக ஏற்றுக்கொண்டே தன் வேலையைத் தொடங்குகின்றது. அச்சனத்தொகை எவ்வாறு அங்கு வந்தது என்று அது கேட்பதில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தை நினைத்துப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தில் அம்பாறைத் தொகுதி தோன்றியது. 1976ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்தில் திருகோணமலை மாவட்டத்தில் சேருவில தொகுதி தோன்றியது. அரச குடியேற்றம் முன்னே செல்ல, எல்லைக்கோடு பின்னே சென்றது. அங்கு குடியேறிய நிலமற்ற சிங்கள விவசாயியை நாம் பகைவனாகக் கருதவில்லை. தென்னிலங்கையின் நிலவுடைமை முறை அவனுக்கு மறுத்த காணியை அவன் வேறிடத்தே பெற்றான். அவனுக்கும் பிரதிநிதி வேண்டும். ஆனால், அவனது வறுமையைத் தீர்க்கின்றோம் என்ற பெயரில் இன்னொரு மக்கட்பிரிவின் அரசியல் எடையைக் குறைப்பதற்கு அவனைக் கருவியாக்கிய அரசின் நோக்கத்தை எந்தக் கணனியும் கண்டுபிடித்துத் தராது. அதற்கு வரலாற்றறிவு வேண்டும்.

நான்காவது அளவுகோல், ஒன்றாக வாழும் மக்கட்கூட்டத்தின் நலன். சோல்பரி அரசியலமைப்பு இதனை ஓரளவு உணர்ந்திருந்தது. ஒரு பிரதேசத்திலே இனத்தாலோ மதத்தாலோ வேறு வகையாலோ ஒன்றுபட்டு, அங்குள்ள பெரும்பான்மையினரிலிருந்து வேறுபட்டு நிற்போர் கணிசமாகச் செறிந்திருப்பின், அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைக்கும்படி தொகுதிகளை வகுக்கலாமென அது ஆணைக்குழுவுக்கு இடமளித்தது. பல அங்கத்தவர் தொகுதிகள் இதன்வழித் தோன்றின. மூன்று அங்கத்தவரைக்கொண்ட கொழும்பு மத்திய தொகுதியில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எனப் பலரும் கலந்து வாழ்ந்தனர். அங்கிருந்து, பறங்கியரும் கம்யூனிஸ்டுமான பீட்டர் கெனமன் 1947 தொடக்கம் 1977 வரை பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். ஓர் இனத்தை ஒரு வேலிக்குள் அடைத்தால்தான் சிறுபான்மைக்குக் குரல் கிடைக்கும் என்று வாதிப்போர் இவ்வுதாரணத்தைச் சிந்திக்கவேண்டும். 1977இல் மூன்று அங்கத்தவர் தொகுதியான நுவரெலியா - மஸ்கெலியாவிலிருந்து சௌ. தொண்டமான் மூன்றாவது அங்கத்தவராகத் தெரிவானமையும் இவ்வழியிலேதான்.

இங்கே நம் சொந்த முற்றத்தையும் நோக்கவேண்டியிருக்கின்றது. 'வேறு வகையாலோ' என்ற சொற்றொடரின் நிழலிலே, தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் சில பல அங்கத்தவர் தொகுதிகள் சாதிச் சிறுபான்மையினருக்கும் வாய்ப்பளித்தன. வட மாகாணத்திலோ 1946இல் அத்தகைய தொகுதி ஒன்றுதானும் வகுக்கப்படவில்லை. பின்வந்த இரண்டு எல்லை நிர்ணயங்களிலும் வகுக்கப்படவில்லை. கோயில் வாசலும் தேநீர்க்கடையும் மறுக்கப்பட்ட மக்கள், ஒவ்வொரு தொகுதியிலும் சிறுபான்மையினராகச் சிதறிக்கிடந்தனர். எவருடைய வெற்றிக்கும் அவர்களது வாக்கு வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவரின் வெற்றிக்கோ வழியிருக்கவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் தலைவர்களுள் ஒருவரான எம். சி. சுப்பிரமணியம் 1970இல் பாராளுமன்றம் சென்றதும் நியமன அங்கத்தவராகவே. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்நியமன வாயிலையும் அடைத்துவிட்டது. கொழும்பில் கிழிக்கப்படும் கோட்டின் அநீதியை உரத்துப் பேசும் தமிழ்த் தலைமை, தன் வாசலில் ஓடும் கோட்டைப் பற்றி மௌனம் சாதித்தது. சமூகநலன் என்ற அளவுகோலைப் பயன்படுத்துவோர், எந்தச் சமூகத்தின் நலன், அச்சமூகத்துள்ளே யாருடைய நலன் என்ற இரு கேள்விகளையும் கேட்டாகவேண்டும்.

ஐந்தாவதாக, கோடு கிழிப்பவர் யார், கிழித்த கோடு என்னவாகின்றது என்பதையும் பார்க்கவேண்டும். மாகாண சபைத் தேர்தல்களின் கதை இதற்குத் தக்க பாடம். 2017ஆம் ஆண்டு 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், மாகாண சபை அங்கத்தவரிற் பாதிப்பேரைத் தொகுதிவாரியாகவும் மறுபாதியை விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் தெரிவுசெய்யும் கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்கெனத் தொகுதிகளை வகுக்க ஐவர் கொண்ட குழு நியமிக்கப்பட்டு, 2018இன் தொடக்கத்திலே அறிக்கையும் தரப்பட்டது. தம் பிரதிநிதித்துவம் குறுகிவிடும் என முஸ்லிம் கட்சிகளும் மலையகக் கட்சிகளும் அஞ்சின; அவ்வச்சம் ஆராயப்படவேண்டியதே. 2018 ஆகஸ்ட் 24ஆம் திகதி அறிக்கை பாராளுமன்றத்திலே வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒன்றுதானும் இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பின்னர் பிரதம மந்திரியின் தலைமையில் மீளாய்வுக் குழுவொன்று அமைக்கப்பட்டது. அதற்கு இரண்டு மாத அவகாசம். அவ்வறிக்கை வரவேயில்லை.

விளைவு யாது? பழைய முறை சட்டத்தினால் நீக்கப்பட்டது. புதிய முறைக்கு வேண்டிய எல்லைகள் அங்கீகரிக்கப்படவில்லை. 2014 செப்டெம்பரில் நடைபெற்ற ஊவாத் தேர்தலுக்குப் பின் பத்தாண்டுக்கும் மேலாக எந்த மாகாணத்திலும் மக்கள் வாக்களிக்கவில்லை. 2013இல் தெரிவான வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்ததன் பின், ஆளுநர்களே ஆண்டனர். அநீதியான கோடு ஒருவனது வாக்கைக் குறைக்கின்றது. கிழிக்கப்படாத கோடோ அனைவரது வாக்கையும் ஒருங்கே பறித்துவிட்டது. எல்லைச் சூழ்ச்சியின் நூற்றாண்டுகால வரலாற்றிலே, தேர்தல் முறையைச் சீர்திருத்துகின்றோம் என்ற பெயரால் தேர்தலையே இல்லாமற் செய்த பெருமை நம் ஆட்சியாளருக்கே உரியது.

இனி, இவ்வளவுகோல்களைத் தொகுத்து நோக்குவோம். எண்ணிக்கைச் சமத்துவம், வடிவம், விகிதம், கணனி ஒப்பீடு, சமூகநலன் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் உண்மையைக் காட்டி இன்னோர் உண்மையை மறைக்கின்றது. எண்ணிக்கையும் வடிவமும் மிகச் சுலபமாகப் போலி செய்யத்தக்கவை. அதிகாரிகள் பெரிதும் விரும்பி மேற்கோள் காட்டுவனவும் அவையே. விகிதம் நோயைக் காட்டுகின்றது, காரணத்தைக் காட்டுவதில்லை. கணனி ஒப்பீடு கோடு கிழிப்பவனின் கபடத்தை அம்பலப்படுத்துகின்றது. அதற்கு முந்திய வரலாற்றின் கபடத்தை ஏற்றுக்கொள்கின்றது. சமூகநலன் வரலாற்றைக் கருதுகின்றது. ஆனால் சமூகத்தின் மேட்டுக்குடியினர் அதனைத் தம் வேலியாக்கிக்கொள்ளும் அபாயமுண்டு. ஆகவே இவற்றுள் ஒன்றை மட்டும் கையிலேந்தி ஒரு வரைபடம் நீதியானது எனச் சான்றிதழ் வழங்குபவரை நாம் சந்தேகிக்கவேண்டும்.

விகிதாசார முறை வந்துவிட்டதே, இனிக் கோட்டைப் பற்றிய கவலை ஏன் எனக் கேட்போரும் உளர். மாவட்டம் பெரிதாகும்போது கோட்டின் வலிமை குறைகின்றது என்பது மெய்யே. பொதுத் தேர்தலில் 1977இன் அலங்கோலம் அதே வடிவில் திரும்பி வராமற் காப்பதும் அம்முறைதான். ஆயினும் உள்ளூராட்சியிலே வட்டாரங்கள் 2018 தேர்தலோடு மீண்டுவிட்டன. அதே காலத்தில்தான் நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு பெரும் பிரதேச சபைகள் மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டன. அதுவரை, பிற மாவட்டங்களிலே சில பத்தாயிரம் பேருக்கு ஒரு சபை இருக்க, தோட்டத் தொழிலாளர் நிறைந்த இப்பிரதேசங்களில் இரண்டு இலட்சம் பேரளவில் ஒரே சபைக்குட் கிடந்தனர். ஒரு சபைக்குரிய வாகனமும் ஊழியரும் நிதியும் இத்தனை பேருக்கு எவ்வாறு போதும்? லயத்துப் பாதையும் குடிநீர்க் குழாயும் அவ்வெல்லைக்கோட்டின் மறுபக்கத்திலேயே நெடுங்காலம் நின்றுவிட்டன. கோடு என்பது காகிதத்தில் மட்டும் ஓடுவதன்று.

ஆகவே, அடுத்த எல்லை நிர்ணய அறிக்கை வெளிவரும் நாளில் ஆசிரியரும் மாணவரும் அதனை வாங்கி விரித்து வைத்துக்கொண்டு கேட்கவேண்டிய கேள்விகள் தெளிவானவை. யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்? சென்ற தேர்தலின் வாக்குகளை இப்படத்திலே இட்டால் யாருக்கு மிகை, யாருக்குக் குறை? வேறு நூறு படங்கள் வரைந்தால் அவற்றுள்ளும் அவ்வாறே நிகழுமா? இங்கு செறிந்து வாழ்வோருட் குரலற்றவர் யார்? வரைந்தவரை நியமித்தவர் யார்? அறிக்கை எத்தனை நாளில் சட்டமாகவேண்டும்? இக்கேள்விகளுக்கு விடைகாணப் பெரும் பாண்டித்தியம் வேண்டியதில்லை. வாக்காளர் இடாப்பும், பழைய தேர்தல் முடிவுகளும், ஒரு தேசப்படமும், பொறுமையும் போதும். ஒவ்வொரு பாடசாலையிலும் குடியியல் வகுப்பும் கணித வகுப்பும் ஒரு பிற்பகல் ஒன்றுகூடினால் தம் பிரதேசத்தின் வரைபடத்தைத் தாமே சோதித்துவிடலாம்.

மக்களின் சார்பில் கோடு கிழிப்பதாகச் சொல்வோர், மக்கள் அதனை வாசிக்கக் கற்றுக்கொள்வதை விரும்பமாட்டார்கள். அதுவே நாம் அதனை வாசிக்கக் கற்றுக்கொள்வதற்குப் போதிய காரணமாகும்.